தண்ணீர் நடுவே பாவு விரித்தது யார்?

இன்று பழவேற்காடு ஏரியில், ஓடுகிற படகில் எழுந்து நின்று கத்திவிட்டேன்.

நம்பமாட்டீர்கள். வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாத வேதியியல் ஆசிரியன் நான். (பழைய மாணவர்கள் சாட்சி. கடைசி பெஞ்சுக்காரர்கள் தவிர. அவர்களுக்கு நான் பேசியதே கேட்டதில்லை.)

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு பறவை பார்க்கும் பழக்கம் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து எனக்கு எட்டும் தூரம் தென்னேரி ஏரிதான். அங்கே கூழைக்கடா பார்த்திருக்கிறேன், கொக்கு பார்த்திருக்கிறேன். பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ, மட்டும் படத்தோடு சரி.

விடுமுறைக்குப் பொன்னேரியில் மகள் வீட்டுக்கு வந்தோம். அங்கிருந்து கடலோரம் பக்கம். என் மனைவி சரோஜாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாளை ஊர் திரும்புகிறோம். இன்று விட்டால், என் முழங்கால் இன்னொரு படகில் ஏறச் சம்மதிக்குமா என்பது சந்தேகம்.

படகில் எங்களோடு சென்னையிலிருந்து ஒரு கேமராக்காரர். (லென்ஸ் என் முன்னங்கை நீளம்.) படகோட்டி ஏழுமலை.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு நீர்க்காகம் கண்ணில் பட்டது. கழுத்தை நீட்டிக்கொண்டு, அசையாமல். திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"நீர்க்காகம்."

"அங்கிள், அது வலைக்கு அடையாளம் நட்ட கொடி," என்றார் கேமராக்காரர்.

"கறுப்பு கவரு சார். நான்தான் கட்டுனேன்," என்றார் ஏழுமலை.

சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

இனி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அதன்பின் ஆலாக்கள் வந்தன. தலைக்கு மேல் வட்டமிட்டு, சட்டென்று தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து, மீனோடு எழுந்தன. உள்ளான்கள் தையல் மெஷின் மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே ஓடின. ஒவ்வொன்றையும் கேமராக்காரர் பெயர் சொல்லி அறிவித்தார். எனக்கும் தெரியும். சொல்லவில்லை.

பூநாரை மட்டும் வரவில்லை.

"காத்து ஏறுது சார். திருப்பிக்கிறேன். நேத்து இங்கதான் நின்னுக்கினு இருந்துச்சு, இன்னிக்கு எங்க போச்சோ," என்றார் ஏழுமலை.

படகு திரும்பியது. பைனாகுலரை உறையில் போடுமுன் கடைசியாக ஒருமுறை வடக்கே பார்த்தேன். வெகுதூரத்தில் நீளமாக ஓர் இளஞ்சிவப்புக் கோடு. காற்றில் லேசாக ஆடியது.

யாரோ பாவு விரித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

(வெளியூர் நண்பர்களுக்கு: சேலை நெய்யுமுன் அதன் நீளவாட்டு நூலைத் தெருநெடுக இழுத்துக் கட்டுவார்கள். அதுதான் பாவு. எங்கள் தெருவில் காலையில் அதைச் சுற்றிக்கொண்டுதான் பால் வாங்கப் போக வேண்டும்.)

சரோஜாவும் வாங்கிப் பார்த்தாள்.

"ரோஸ் பாவு. நல்லா இழுத்துதான் கட்டிக்கிறாங்க."

"ஆமாம்."

"முகூர்த்தப் பொடவையா இருக்கும்."

"இருக்கும்."

படகு கொஞ்ச தூரம் போனது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"ஏங்க, தண்ணி நடுவுல எவன் பாவு போடுவான்?"

பைனாகுலரைத் திரும்ப வாங்கினேன். "மறுபடியும் கொடியா இருந்துட்டா?"

"இருந்தா இருந்துட்டுப் போவுது. அவங்களோட சேந்து நானும் சிரிச்சிட்டுப் போறேன். சொல்லுங்க, படகு போய்க்கினே இருக்குது பாருங்க."

எழுந்து நின்றேன். (படகில் நிற்கக் கூடாது. தெரியும்.)

"பூநாரை! வடக்கே பூநாரை! நிறுத்துங்க!"

இன்ஜின் நின்றது. கேமராக்காரர் அந்த நீள லென்ஸைத் திருப்பினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தேர்வு முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

"அங்கிள்... அந்தக் கோடு முழுக்க அதுதான்."

"அட, ஆமாம்பா. பெரியவரு கண்ணு கண்ணுதான். மொதல்ல குந்துங்க சார், வுயிந்துடப் போறீங்க," என்றார் ஏழுமலை.

பறவைகள் கலையாதபடி தள்ளியே படகை நிறுத்தினார். குச்சிக் கால்கள், தலைகீழாகத் தண்ணீரைத் துழாவும் அலகுகள். படித்து வைத்திருந்த விவரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பல் தெரியப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஓரத்தில் ஒரு கூட்டம் தானாக எழும்பியது. வெளிறிய உடலில் இறக்கைகள் விரிய, உள்ளேயிருந்து அடர் சிவப்பும் கறுப்பும்.

"பாருங்களேன்," என்றாள் சரோஜா, "பார்டர உள்ளாற ஒளிச்சி வெச்சிக்கினு இருந்திருக்குது."

கேமராக்காரர் கேட்டார்: "எப்படி அங்கிள், இவ்ளோ தூரத்துல கண்டுபிடிச்சீங்க?"

அடக்கமாக ஒரு பதிலை மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். சரோஜா முந்திவிட்டாள்.

"அவரு எங்க கண்டுபிடிச்சாரு தம்பி? பாவுன்னு நெனச்சி பைய மூடிட்டாரு. நான் முகூர்த்தத்துக்குப் பொடவையே எடுத்துட்டேன்."

இந்த முறை படகில் முதலில் சிரித்தது நான்.

என் போனில் எடுத்த படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். நீளமாக ஒரு ரோஸ் கோடு தெரிகிறதா? உங்களுக்கு அது என்னவாகத் தோன்றுகிறது?

காஞ்சிபுரத்துக்காரர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.