பெயிண்டுக்கு அடியில் நாலு டன்

1993இல் ஏலத்தில் எடுத்த அந்த வண்டி, வெள்ளைக்காரன் காலத்துப் போரில் பீரங்கி இழுத்தது. அதை வைத்துத்தான் நான் ஆளானேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே லாரி கவிழ்ந்தால் போலீஸ்காரர்களே என்னைத்தான் தேடுவார்கள். இழுக்க முடியாதென்று நான் திரும்பிய நாள் கிடையாது.

அந்தத் திமிரில்தான், கூட்டேரிப்பட்டில் பள்ளத்தில் இறங்கிய மல்லாட்டை லாரியை, வேர்க்கடலை மூட்டை ஒன்றைக்கூட இறக்காமலே இழுத்தேன். என் வண்டியின் வின்ச்சு உருளையில் சுற்றும் இரும்புக் கயிறு அறுந்து சாட்டை மாதிரி வீசியது. பக்கத்தில் நின்ற என் கூட்டாளிக்கு வலது கால் முழங்காலோடு போயிற்று. ‘அங்கே நிற்காதே என்றேன், கேட்கவில்லை’ என்று ஊரெல்லாம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

பல வருடம் கழித்து ஒருநாள் மருமகன் கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்.

“மாமா, ஓடியாங்க! உங்க வண்டி இதுல கீது!”

அதே சப்பை மூக்கு. பக்கத்தில் பரீட்சை மார்க்கு மாதிரி எண்கள்.

“சுடற சக்தி சைபர் மாமா. வேகமும் கம்மிதான்.”

“பீரங்கிய இழுக்கறது எதுக்கு மாப்ளே சுடணும்? இழுவை எவ்ளோ, அதப் படிங்க.”

“வின்ச்சு நாலு டன்னு.”

“பத்து டன்னு இழுத்துக்கீறேன் நானு! விளையாட்டுக்காரனுக்கு இன்னா தெரியும்?”

“வண்டியிலயே தகடு அடிச்சிருப்பானே மாமா.”

தகடு இருந்தது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் என் கையாலேயே அதன்மேல் பச்சை பெயிண்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறேன். கம்பெனி பேர் என்று நினைப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இங்கிலீஷ் எழுத்துக்கு நடுவில் ஒரு நாலு. அதைப் படிக்க மருமகன் வேண்டியதில்லை.

மறுநாள் விழுப்புரம் போனேன். கூட்டாளி தன் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

“இன்னாண்ணே, இவ்ளோ தூரம்?”

“தப்பு என்னுதுடா. நாலு டன்னுக்குமேல அது இழுக்கக் கூடாதாம்.”

வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னான்.

“மூட்டைய இறக்கிடலாம்ணேன்னு அன்னிக்கே சொன்னேன். ‘பேஜாரு பண்ணாத, கயித்துகிட்ட போய் நில்லு’ன்னு நீதான் சொன்னே.”

எனக்கு அது நினைவே இல்லை. அவன் சொன்ன பிறகுதான் வந்தது, என் குரலிலேயே.

“ஏன்டா ஊர்ல சொல்லல?”

“உன் வாய்க்கு முன்னாடி என் வாய் எடுபடுமா?” சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. “எம் பொண்டாட்டி இன்னமும், ‘சொன்ன பேச்சு கேட்டிருந்தா காலு இருந்திருக்கும்’னு என்னைத் திட்டிக்கினுதான் கீறா. உள்ளதான் இருக்கா. போய்ச் சொல்லு.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.