பலகையில் நிற்பவள்

சர்க்கஸ் கூடாரத்தில் எல்லோரும் அவளைப் பலகை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் கத்தி வீசுவான். அவள் பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாள். காதோரம், கக்கத்தருகில், விரலிடுக்கில் என்று கத்திகள் வந்து பாயும்போது, மறுநாள் என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். பயமில்லையா என்று கேட்டால், "நிக்கிறதுக்கு என்ன பயம், அவருக்குத்தானே வேலை" என்று சிரிப்பாள்.

வெளிநாட்டு அரங்கம் ஒன்று இருவரையும் ஒரு வருஷத்துக்கு அழைத்தது. விசா வேலையைக் கவனித்த வக்கீல் விஷயத்தை உடைத்துச் சொன்னார். தேர்ந்த கலைஞர்களுக்கென்று தனி விசா உண்டு. விருது, பத்திரிகை விமர்சனம், பெரிய மேடைகளில் ஆடிய ஆதாரம் எல்லாம் காட்ட வேண்டும். கத்திக்காரனிடம் அவை இருந்தன. கூட நிற்பவளுக்கோ, அவள் இல்லாமல் நிகழ்ச்சியே நடக்காது, அங்கே வேறு ஆள் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். வெறும் மனைவியாகப் போனால் மேடை ஏற முடியாது.

தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார்.

"மேடையில நீங்க என்ன பண்ணுவீங்கம்மா?"

"நிப்பேன் சார்."

"அப்புறம்?"

"அசையாம நிப்பேன்."

அவனுக்கு விசா வந்தது. அவளுக்கு இல்லை. நிற்பதற்கு இங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம், புது ஆளோடு பழகிக்கொண்டு வாருங்கள் என்று அரங்கத்தார் சொல்லி அனுப்பினார்கள்.

பழகிப் பார்க்க நாத்தனார் முன்வந்தாள். "அண்ணி நிக்கிற இடத்துல நான் நிக்க மாட்டேனா?" என்று பலகையில் போய்ச் சாய்ந்தாள். அரங்கத்துக்கு அனுப்ப வக்கீல் கைபேசியில் படம் பிடித்தார். பலகை அக்கா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

முதல் கத்தி பறந்தது. பலகையில் நின்றபோது காதருகே 'டக்' என்று கேட்ட சத்தம் அவ்வளவுதான். இங்கிருந்து பார்த்தால் கத்திக்கும் கழுத்துக்கும் நடுவே ஒன்றுமேயில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் அவன் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். அதையும் இன்றுதான் பார்த்தாள். நிறுத்தச் சொல்ல நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

நான்காவது கத்தி நாத்தனாரின் சட்டைக் கையைப் பலகையோடு சேர்த்துத் தைத்தது. நாத்தனார் துணியைப் பிய்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சுண்ணா?"

அவன் மீதிக் கத்திகளைக் கீழே வைத்தான். "நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிற. உங்க அண்ணி மூச்சை விட்டதும்தான் என் கை எழும்பும். இப்ப எப்ப வீசறதுன்னே தெரியல. இது எனக்கே இப்பத்தான் புரியுது."

வக்கீல் அந்தப் படத்தையும், மூத்த கலைஞர்கள் இருவரின் சாட்சிக் கடிதங்களையும் வைத்து மறுபடி விண்ணப்பித்தார். இந்தத் தடவை அவளுக்கும் விசா கிடைத்தது. கூடாரமே கைதட்டியது. அவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கழுத்தருகே அந்தக் கத்திதான். மூச்சுத்தான் அவனுக்குச் சைகை என்று தெரிந்த பிறகு மூச்சு விடுவதே பெரும்பாடாகிவிட்டது. எப்போது இழுக்கிறோம், எப்போது விடுகிறோம் என்று நடக்கும்போதுகூடக் கவனித்தாள்.

புது அரங்கில் திரைக்குப் பின்னால் அவன் கத்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க."

அவன் நிமிரவில்லை. "எனக்கு முதல் நாள்ல இருந்தே பயந்தான்."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா நீ நின்னிருப்பியா?"

அவள் போய்ப் பலகையில் சாய்ந்தாள். விளக்கு எரிந்தது. வெகுநேரம் மூச்சு வெளியே வரவில்லை. அவன் காத்திருந்தான். கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியும் கையைத் தூக்கவில்லை. கடைசியில் மூச்சு தானாக உடைந்து வந்தது. கத்தி தோளோரம் போய்க் குத்திட்டு நின்றது.

ஒரு வருஷம் அப்படியே ஓடியது. அவள் மேல் ஒரு கீறல் இல்லை. விசாவை நீட்டிக்கலாம் என்று அரங்கத்து முதலாளி கேட்டபோது, கத்திக்காரன் ஒரு தரம் அவள் முகத்தைப் பார்த்தான்.

"போதும் சார், ஊருக்குப் போறோம்" என்றான்.