9.46: ஒரு மெடல் நின்றுபோன கதை

1. ஆண்டு மலரில் ஒரு வரி

எங்கள் கல்லூரியின் பழைய ஆண்டு மலர் ஒன்றில் ஒரு வரி இருக்கிறது: "சிறந்த செய்முறை மாணவருக்கான இயற்பியல் பதக்கம், போதிய ஆர்வம் இல்லாமையால் நிறுத்தப்பட்டது." பச்சைப் பொய். ஆர்வம் இல்லாமலா கடைசி வருடப் பிள்ளைகள் அந்த மெடலுக்கு முட்டி மோதினார்கள்? மெடல் வாங்கியவருக்கு அடுத்த ஜூனில் எங்கள் துறையிலேயே, லேபில் செய்முறை சொல்லிக்கொடுக்கிற டெமான்ஸ்டிரேட்டர் வேலை கொடுப்பது வழக்கம். திருவண்ணாமலையில் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவருக்கு வேறு யார் வேலையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்?

நான் அங்கே இருபத்தாறு வருடம் லேப் அசிஸ்டெண்டாக இருந்தேன். மெடல் வந்த கதையும் தெரியும், போன கதையும் தெரியும். இப்போது லேபில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்களே என்று எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தாலே எரிச்சல்தான் வருகிறது.

எண்பத்தொன்பதில், ஊரில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர், சயின்ஸ் வாத்தியாராக இருந்த தன் அப்பாவின் நினைவாக அதை ஆரம்பித்தார். பரீட்சை மார்க்கைப் பார்த்துக் கொடுக்கக்கூடாது, கையால் செய்து காட்டுகிறவருக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றார். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரே நாளில், ஒரே கருவியில், ஒரே ஸ்டாப் கிளாக்கை வைத்து ஒருவர்பின் ஒருவராகச் செய்யச் சொல்லவேண்டும். அருமையான ஏற்பாடு. கெடுத்தது நாங்கள்.

புத்தகத்தில் உள்ள விடைக்கு யாருடைய விடை ரொம்பக் கிட்டே வருகிறதோ அவருக்கே மெடல் என்று துறையில் ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? விடையை முதலில் எழுதிக்கொண்டு, பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங்கை நிரப்பினார்கள். லேபில் அதற்கு 'குக் பண்றது' என்று பெயர். பெரிய யோக்கியன் போல எழுதுகிறேனே, நானும் "9.8 வரணும்டா, பாத்து எழுது" என்று எத்தனையோ பேரிடம் சொன்னவன்தான்.

2. தேரடித் தெருவிலிருந்து வந்த கிளாக்

மெடல் நின்றுபோன அந்தக் கடைசி வருடம் போட்டிக்குக் கொடுத்தது காம்பவுண்ட் பெண்டுலம். ஓர் இரும்புப் பட்டையை ஆடவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கிற சோதனை. புத்தக விடை 9.8.

ஸ்டாப் கிளாக் நின்று நின்று ஓடியதால் தேரடித் தெருவில் ஒரு வாட்ச் கடையில் கொடுத்திருந்தேன். தீபத்துக்கு முந்தின வாரம். தெருவில் நடக்க இடமில்லை. "சர்வீஸ் பண்ணிட்டேன், ஜோரா ஓடுது, எடுத்துனு போங்க" என்றார் கடைக்காரர். வாங்கி வந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சரிபார்க்கவில்லை. சரிபார்ப்பது என் வேலை.

போட்டியன்று முதலில் செய்தவள் கலைவாணி. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிற வீட்டுப் பெண். இரண்டு முறை ரீடிங் எடுத்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், இந்த கிளாக்கு சரியா ஓடுதுங்களா?"

"ஏம்மா?"

"ரெண்டு தபா எடுத்துட்டேன், 9.46தான் வருது. அளவெல்லாம் கரெக்டா இருக்குங்க. டைம்தான் ஜாஸ்தி காட்டுதுனு தோணுது."

"கிளாக்கு இப்பதான் சர்வீஸ் ஆயி வந்துதும்மா. கேள்வி கேட்டுனு நிக்காம, 9.8 வர்ற மாதிரி பாரு."

"வராதத எப்படிங்க சார் எழுதறது?"

போய்விட்டாள். 9.46 என்றே மையில் எழுதி, கீழே 'கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அடுத்து வந்த பாஸ்கர் 9.80. மூன்றாவது பையன் 9.79. துறைத்தலைவர் பத்தே நிமிடத்தில் பாஸ்கர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எனக்கு மட்டும் அந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் எல்லாரும் போனபிறகு என் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து கிளாக்கை ஓடவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அது ஐந்து வினாடி முந்தியது. ஆபீஸ் கிளார்க்கின் வாட்சை வாங்கிப் பார்த்தேன், அதே ஐந்து வினாடி. அவளுடைய கணக்கில் அந்தத் தப்பைக் கழித்துப் போட்டால் 9.78 வந்தது. நம் ஊர்ப்பக்கம் உண்மையான மதிப்பே அதை ஒட்டித்தான். 

3. கமிட்டி

மறுநாள் கிளாக்கோடு பிரின்சிபால் ரூமில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். துறைத்தலைவரும் இருந்தார்.

"ஏழுமலை, இன்விடேஷன்ல பேரு போட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பியாச்சு. இப்ப வந்து இன்னா கதை சொல்ற?" என்றார் துறைத்தலைவர்.

"சார், இந்த கிளாக்க வெச்சினு யாராலயும் 9.8 எடுக்க முடியாது."

"அதனால?"

"அதனால பாஸ்கர் எடுக்கல சார். எழுதியிருக்கான்."

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இத்தினி வருஷமா மெடல் வாங்கினவங்க?"

 அப்படி வாங்கிய இரண்டு பேர் துறையில் டெமான்ஸ்டிரேட்டர்களாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் டாக்டர் காதுக்குப் போய் அவரே வந்துவிட்டார். மூன்று நோட்டையும் புரட்டினார். நோயாளிக்கு நாடி பார்க்கிற தன் வாட்சைக் கழற்றி கிளாக் பக்கத்தில் வைத்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்குக் குடுங்க. இல்லன்னா எங்கப்பா பேர்ல யாருக்கும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குக் கொடுத்தால் ஏன் மாற்றினோம் என்று எழுதவேண்டுமே. இதற்கென்று கூடிய கல்லூரிக் கமிட்டி டீ வரவழைத்துக் குடித்து, யோசித்து, யாருக்கும் வேண்டாம் என்று முடிவு செய்தது. படித்தவர்கள் ஆறு பேர் கூடி எடுத்த முடிவு அது. 'ஆர்வம் இல்லாமை' என்ற சொல்லும் அங்கேதான் பிறந்தது. மெடல் நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. ஜூனில், மார்க் ஜாஸ்தி என்று பாஸ்கரையே டெமான்ஸ்டிரேட்டராகப் போட்டார்கள்.

4. சீல் இல்லாத காகிதம்

கலைவாணி டி.சி. வாங்க வந்த அன்று ஒரு காகிதம் எழுதி வைத்திருந்தேன். கிளாக் எத்தனை வினாடி முந்தியது, இந்த மாணவியின் அளவீடு சரியானது, இப்படிக்கு லேப் அசிஸ்டெண்ட் என்று என் கையெழுத்து. நின்றபடியே படித்தாள்.

"சீல் இல்லீங்களே சார்."

"பிரின்சிபால் போடமாட்டேன்னுட்டாரும்மா."

மடித்து என்னிடமே நீட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

"இத வெச்சு எனக்கு யாரும் வேலை தரப்போறதில்லீங்க. அன்னிக்கு நான் கேட்டப்பவே நீங்க அஞ்சு நிமிஷம் கிளாக்கப் பாத்திருந்தா போதும் சார்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. கமிட்டியைத் திட்டுவது சுலபம், இவ்வளவு நேரம் திட்டியும்விட்டேன். ஆனால் கமிட்டிக்குப் போவதற்கு முன்பே, ஐந்து நிமிடத்தில் என் மேஜையில் முடிந்திருக்கவேண்டிய விஷயம் இது.

லேபில் இருக்கிற பிள்ளைகளே, கருவி சரியா என்று ஒருவர் கேட்டால் எழுந்துபோய்க் கருவியைப் பாருங்கள். புத்தகத்து விடையைச் சொல்லி அனுப்பாதீர்கள். நான் ரிடையராகும்வரை அதற்குப்பிறகு யாரிடமும் '9.8 வரணும்' என்று சொன்னதில்லை. பக்கத்து மேஜையில் டெமான்ஸ்டிரேட்டர் பாஸ்கர் சொல்லிக்கொண்டிருந்தார்.