கேள்விகள் மட்டும் வரவில்லை

சந்திரலேகா சிதம்பரம் கீழவீதியிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கடலூருக்குப் போகிறவள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்ததானச் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. யாராவது ரத்தம் கேட்டுப் போன் செய்தால், குரூப்பைச் சொல்லி முடிப்பதற்குள் கொடுப்பவரின் நம்பரைச் சொல்லிவிடுவாள். சங்கத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு, பொய் சொல்வானேன்.

பழைய சாப்ட்வேருக்கு வருஷாவருஷம் பணம் கட்டிக் கட்டுப்படியாகவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸுக்கு மாறிவிடலாம் என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த இன்ஜினியர் ஸ்ரீதர், புதுக் கம்ப்யூட்டர் ஒன்றில் அதை ஏற்றி, அதிலிருந்து தகவலைத் தேடி எடுக்கும் டூல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். முதலாவது வெறும் கறுப்புத் திரை. கட்டளையைக் கையாலேயே அடிக்க வேண்டும்.

"இது நமக்கு ஆவாது தம்பி."

அடுத்ததில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தன. கடைசியில் ஒன்று, மவுஸால் இழுத்துப் போட்டாலே போதும். அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"டேட்டா எல்லாம் வந்துடுச்சாப்பா?"

"ஒண்ணு விடாம வந்துடுச்சுக்கா. எண்ணிப் பாத்துட்டேன்."

அதை நம்பித்தான், ஆயுத பூஜைக்கு ஆபீசைக் கழுவித் துடைத்தபோது பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குத் தூக்கிக் கொடுத்தாள். புதியதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைத்தார்கள்.

பொரியைக் கொறித்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. ராஜகணேஷ் என்பவர், சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். மனைவிக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்கவில்லை. பி நெகட்டிவ் வேண்டும்.

"இதோ சொல்றேங்க" என்று உட்கார்ந்தாள். பழைய கம்ப்யூட்டரில் பல வருஷமாக அவள் சேமித்து வைத்திருந்த தேடல் கேள்வி ஒன்று உண்டு, க்வெரி என்பார்கள். சிதம்பரம் பக்கத்து ஆளா, சமீபத்தில் கொடுக்காதவரா, ஊரில் இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் பார்த்துவிடும். அதைக் காணவில்லை. பதறிப்போய் ஸ்ரீதரைக் கூப்பிட்டாள்.

"பேரு, நம்பரு இருக்குற டேபிளுங்கதான்க்கா மாத்துனோம். நீங்க சேத்து வச்ச க்வெரி எல்லாம் அந்தப் பழைய சாப்ட்வேரோடது, அது வராது. பழைய மிஷின ஆன் பண்ணுங்க, அதுல இருக்கும்."

அதுதான் காயலான் கடைக்குப் போய்விட்டதே. மற்றதையெல்லாம் சேர்க்க நேரமில்லாமல் பி நெகட்டிவ் என்று மட்டும் இழுத்துப் போட்டாள். பெயர்கள் மளமளவென்று விழுந்தன. முதல் ஆள் சிங்கப்பூரில் இருந்தார். அடுத்த ஆள் போன வாரம்தான் கொடுத்திருந்தார். அதற்கப்புறம் பெயரைக்கூடப் பார்க்காமல் நம்பரை அழுத்தினாள். புவனகிரியில் ஒரு வயதான அம்மாள் எடுத்தாள். சங்கத்துச் சந்திரலேகா என்று சொல்லி, ஐயா இருக்காரா என்று கேட்டாள்.

"அவுரு போயி வருஷமாவுதேம்மா. நீங்கதான மால வாங்கியாந்தீங்க?"

சங்கத்துக்குப் பல வருஷம் ரத்தம் கொடுத்த சபாபதியின் மனைவி பட்டம்மாள். சந்திரலேகாவுக்குக் கூனிக் குறுகிப்போயிற்று. மன்னிப்புக் கேட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"புள்ள பெத்தவளுக்கா?" பட்டம்மாள் சற்று யோசித்தாள். "என்னுது ஆவுமாம்மா? எழுவது தாண்டிடுச்சு. ஆட்டோ புடிச்சி வந்துடுவேன்."

"வேண்டாம்மா, உங்க வயசுக்கு எடுக்க மாட்டாங்க" என்றாள். போனில் இன்னொரு அழைப்பு வந்துகொண்டிருந்தது. ராஜகணேஷ்தான். அதை ஒலிக்க விட்டு, பட்டியலில் அடுத்த ஆளின் பெயரை இந்த முறை ஒழுங்காகப் படித்தாள்.