பூனையிடம் சொன்னது

பூனை மூத்திர நாற்றம் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அடாவடியான வாடகைக்காரன் மாதிரி, இலேசில் காலி பண்ணாது. கச்சிராயபாளையத்தில் நாங்கள் இருந்த ஓட்டு வீட்டில், நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் அந்த நாற்றத்தைப் பற்றித்தான் பேச்சு. அப்பா பினாயில் ஊற்றினார். அம்மா எலுமிச்சைத் தோலால் தரையைத் தேய்த்துவிட்டுச் சாம்பிராணி போட்டாள். கடைசியில் மூன்றும் கலந்து, ஆஸ்பத்திரிக்குள் கோயில் கட்டிய மாதிரி ஒரு வாசனை நிலைத்துவிட்டது.

பூனை என்னுடையது. கரும்பு வெட்டி முடித்த கொல்லையில் தனியாகக் கத்திக்கொண்டிருந்த குட்டியை நான்தான் பாவாடையில் சுற்றிக் கொண்டுவந்தேன். வெல்லத்தின் நிறமாக இருந்ததால் வெல்லம் என்றே பெயர் வைத்தேன். ஆரம்பத்தில் அதன்மேல் சொன்ன குற்றமெல்லாம் நிஜம்தான். தெரு நாய்களுக்குப் பயந்து அது வெளியே போகவில்லை. அப்பா ஒரு எண்ணெய்த் தகரத்தைப் படுக்கைவசமாக வெட்டி, அதில் மல்லாட்டைத் தோலை நிரப்பி, கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வெல்லம் அந்தத் தகரத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. அப்புறம் நேராக அரிசி மூட்டையில் ஏறிக் காரியத்தை முடித்தது.

நான் விடவில்லை. கோமுகி ஆற்று மணலைப் பையில் அள்ளி வந்து வெயிலில் காயவைத்தேன். மல்லாட்டைத் தோலைக் கொட்டிவிட்டு மணலை நிரப்பி, தகரத்தைக் கிரைண்டர் சத்தம் எட்டாத பின்கட்டு மூலைக்கு மாற்றினேன். தினமும் கொட்டாங்குச்சியால் ஈரமணலை வாரி எறிந்தேன். வெல்லம் குழி தோண்டி, உட்கார்ந்து, எழுந்து, மூடி, மூடியது சரியாக இருக்கிறதா என்று மோந்தும் பார்த்தபோது எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. நாற்றமும் போனது.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

பெரியப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். ஒரு திருப்பத்தில் டிப்பர் சாய்ந்ததில் இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வெகுநாள் குழாயோடு படுத்துக் கிடந்தார். பெரியம்மா இறந்துவிட்டதால், அங்கிருந்து நேராக அப்பா எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். முன்னறையை அவருக்குக் கொடுத்தோம். பூனை என்றாலே அவருக்கு ஆகாது. குறுக்கே பூனை போனால் டிராக்டரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி எடுப்பார். வெல்லத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இத இன்னாத்துக்குடா வூட்டுக்குள்ள வச்சிக்கினு கீறீங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

அவர் வந்ததில் அம்மாவுக்கு இன்னொரு சங்கடம். எங்கள் வீட்டு வழக்கத்தில் ஒரு பெண் தன் புருஷனின் அண்ணனிடம் முகம் பார்த்துப் பேச மாட்டாள். மூத்தார் என்றால் பாதி மாமனார். அவரும் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார். நடுவில் யாராவது வேண்டும். பெரும்பாலும் நான். நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் அம்மா கதவைப் பார்த்து, "சோறு ஆயிடுச்சி" என்பாள். பெரியப்பா அதே கதவைப் பார்த்து, "வரேன்" என்பார். எங்கள் வீட்டுக் கதவு அவ்வளவு பேச்சுக் கேட்டிருக்கிறது.

கொஞ்ச நாளில் நாற்றம் திரும்பி வந்தது. இந்தத் தடவை முன்னறையில். காலையில் போர்வை ஈரம், பாய் ஈரம். அப்பா ஒரு கணமும் யோசிக்காமல் வெல்லத்தைக் கை காட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. அவரைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய் மணல் தகரத்தைக் காட்டினேன். அது கோர்ட்டுக்கு வந்த சாட்சி மாதிரி ஒழுங்காக இருந்தது. அதை யார் மதித்தார்கள்?

அதைவிட ஆச்சரியம் பெரியப்பாதான். "அது பாட்டுக்கு இருந்துட்டு போவட்டும் வுடுடா. ராத்திரிக்கு என் ரூம்லயே படுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பூனையைக் கண்டால் என்ஜினை அணைத்தவர், இப்போது தன் தட்டிலிருந்த கோமுகி அணை மீனில் பாதியைப் பிய்த்து அதற்குப் போட்டார். எனக்கு உள்ளூரப் பொறாமை. என் பூனை எனக்கே இல்லாமல் போய்விடும் போலிருந்தது.

அம்மாவும் மாறிப்போனாள். நேற்றுவரை வெல்லத்தைத் துடைப்பத்தால் விரட்டியவள், இப்போது முன்னறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே கட்டிலடியில் படுத்திருக்கும் அதனிடம் பேச ஆரம்பித்தாள்.

"ஏ வெல்லம், ஈரத்துலயே படுத்துக்கினு இருந்தா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? வெக்கப்பட இதுல ஒண்ணும் இல்ல. நனஞ்சா துணிய சுருட்டி வாசப்படிகிட்ட போட்டுடு. நான் அலசிப் போட்டுடறேன்."

பூனை எங்கேயாவது துணி சுருட்டுமா? எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் போர்வை அழகாகச் சுருட்டப்பட்டு வாசற்படியருகே இருந்தது. அம்மா எடுத்துப் போய்க் கிணற்றடியில் அலசிக் காயப்போட்டாள். இன்னொரு நாள் அவள் கட்டிலடியைப் பார்த்து, "தண்ணி குடிக்காம இருக்காதீங்க, அது ஜாஸ்தி கெடுதி" என்றாள். பூனைக்குப் போய் என்ன 'ங்க' என்று கேட்டேன். போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்றாள்.

அப்பா இதொன்றும் அறியாதவர். விடிந்தால் கொல்லைக்குப் போய் இருட்டினால் வருகிறவருக்கு மூக்கில் ஏறியது நாற்றம் மட்டும்தான். ஒருநாள் யாரோ விருந்தாளி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனதும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஞாயித்துக்கெழம இந்த சனியன சாக்குல போட்டு அணைக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடறேன். யாரும் குறுக்க பேசக்கூடாது."

மலையடிவாரத்தில், நரியும் நாயும் திரிகிற இடத்தில், தெரு நாய்க்கே நடுங்குகிற என் வெல்லம். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அழுது பார்த்தேன், பலிக்கவில்லை. அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வெல்லத்தைக் கூடைக்குள் போட்டு மூடி, அடுத்த தெருவில் என் சிநேகிதி வீட்டுக்குக் கொண்டுபோய் ஓர் அறையில் அடைத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை அப்பா சாக்கை உதறிக்கொண்டு நின்றார். வாசற்படியருகே சுருட்டிய போர்வை, ஈரத்தோடு. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக ஓர் ஈரத் துணியை அதற்கு முன்னும் பின்னும் பார்த்த ஞாபகமில்லை.

"அப்பா, வெல்லம் நேத்து ராத்திரி வூட்லயே இல்ல! நான் கொண்டுபோய் என் பிரெண்டு வூட்ல வுட்டுட்டேன். இது வெல்லம் இல்ல!" என்று கூவினேன்.

முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

"பொய்யி சொல்றா. விடிகாலையில ஜன்னல் வழியா வந்துட்டு போச்சி. நான்தான் பாத்தேன்."

எனக்கு உலகமே இருண்டுவிட்டது. என் அம்மா, என் கண் முன்னால், என் பூனைமேல் பொய் சொல்கிறாள். வாய்விட்டு அழுதேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். குனிந்த தலையோடு இருந்த அண்ணனைப் பார்த்தார். அப்புறம் சாக்கை நாலாக மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டு வெளியே போனார். மறுநாள் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினார். இடுப்புக்கு வைத்தியம் என்று என்னிடம் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் மூத்திரக் குழாயை எடுத்த பிறகு பெரியப்பாவுக்கு நீர் அடங்கவில்லை என்பதும், அதைத் தம்பியிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அவர் பூனைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்பதும், மூத்தாரோடு பேசக்கூடாத என் அம்மா அந்தப் பூனையிடமே பேசி அவரைப் பார்த்துக்கொண்டாள் என்பதும் எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் போக வேண்டியிருந்தது. அப்போது நான் அறிந்ததெல்லாம் இதுதான்: நான் அழுதேன், அப்பா இளகிவிட்டார், வெல்லம் பிழைத்தது. மாத்திரையும் பயிற்சியுமாகச் சில மாதங்களில் முன்னறை காய்ந்து நாற்றம் போனபோது, நான் புதிதாக மாற்றிய மணல்தான் காரணம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பெரியப்பா கைத்தடியோடு தன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, சங்கராபுரம் போக ஆட்டோ வாசலில் நின்றது. அப்பா பையை ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா வழக்கம்போல உள்கதவுக்குப் பின்னால் நின்றாள். சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. பெரியப்பா வாசலில் இருந்து உள்ளே திரும்பினார்.

"வெல்லம், நான் போயிட்டு வரேம்மா. கூடப் பொறந்தவகூட இப்படி பாத்துக்க மாட்டா. என் மானத்த காப்பாத்தின. நீயும் உன் பொண்ணும் நல்லா இருக்கணும்."

கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்குத்தான் குழப்பம். வெல்லத்துக்கு அதுவரை ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. தவிர, அது அப்போது வீட்டுக்குள்ளேயே இல்லை. பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால், வெயிலில் காய்ந்த ஆட்டோவின்மேல் சுருண்டு படுத்திருந்தது. பாவம், இடுப்போடு சேர்ந்து கண்ணும் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துத் திருப்பி, "பெரியப்பா, அங்க இல்ல, வெல்லம் இங்க இருக்கு பாருங்க" என்று காட்டினேன்.