நாற்பது மரங்களுக்கு ஆரத்தி

வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த 1991 பிப்ரவரி. டெக்சாஸின் மேற்குப் பக்கம், கண்ணுக்கு எட்டிய தூரம் பருத்திக்காட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு சின்ன ஊரில் அப்போது குடியிருந்தோம். ஒரே ஒரு சிக்னல் லைட், ஒரு பள்ளிக்கூடம், பருத்தியில் கொட்டை எடுக்கிற ஒரு ஜின்னிங் மில், இருபது கட்டில் போட்ட ஓர் ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியில் என் கணவர் டாக்டர். வேறு டாக்டர்கள் வர மாட்டோம் என்கிற ஊரில் சில வருஷம் வேலை பார்த்தால் கிரீன் கார்டுக்கு வழி பிறக்கும் என்றார்கள். ஆறு வயது மகளையும் ஒரு கிரைண்டரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அடுத்த வீடு என்பது கால் மைல் தள்ளி. அங்கே ஒரு பருத்தி விவசாயியும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் நம் வழக்கப்படி ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட, முதலில் நான் யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். ஆறு மாதத்தில் அவரே போன் பண்ணி “ஆன்ட்டி பேசறேன்” என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார். அவர் கணவர் தானாகவே அங்கிள் ஆனார்.

அவர்களுக்கு ஒரே பையன். ராணுவத்தில் லாரி ஓட்டுகிறவன். சவூதிப் பாலைவனத்தில் எங்கோ இருந்தான். மூன்று வாரமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. தினமும் பதினோரு மணிக்குத் தபால் வண்டி வரும் நேரத்தில் ஆன்ட்டி வாசல் பெட்டிக்குப் பக்கத்தில் ஏதோ வேலை இருப்பது போல நிற்பார். அந்தச் சமவெளியில் கால் மைல் தள்ளி நிற்பவரின் முகத்தைத் தவிர எல்லாமே தெரியும். வெறுங்கையோடு அவர் திரும்பி நடப்பதைப் பார்த்தால் எனக்கு அடுப்பில் இருப்பது மறந்துவிடும்.

ஊர்ப் பெண்கள் சர்ச் ஹாலில் கூடி, போருக்குப் போன பையன்களுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். சாக்ஸ், சீட்டுக்கட்டு, பிஸ்கட், பேபி பவுடர் என்று கட்டுக்கட்டாக அனுப்பினார்கள். ஆன்ட்டி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பாட்டியம்மா என்னிடம், உங்கள் ஊர் குவைத்துக்குப் பக்கமா என்று மிகுந்த இரக்கத்துடன் விசாரித்தார். பேப்பர் நாப்கினில் மேப் போட்டு, நடுவில் ஒரு கடல் இருப்பதை நிரூபித்த பிறகுதான் விட்டார்.

அந்த வாரம் அவர்களுக்கு வேறொரு கவலை. போருக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டிவைப்பது அங்கே வழக்கம். வருகிற சனிக்கிழமை ஊரிலிருந்து போன ஏழு பையன்களின் குடும்பத்தையும் டிராக்டரில் ஏற்றி மெயின் ரோட்டில் ஊர்வலம் விடுவதாக ஏற்பாடு. ரோட்டின் இரண்டு பக்கமும் பீக்கன் என்கிற கொட்டை மரங்கள் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் ரிப்பன் வேண்டும். ஆனால் நாடு முழுக்க எல்லாரும் வாங்கிக் கட்டியதில் பக்கத்து டவுன்வரை கடைகளில் ஒரு முழம் மஞ்சள் ரிப்பன்கூட இல்லை.

நான் ஈரோட்டுக்காரி. மஞ்சள் மண்டி வாசத்திலேயே வளர்ந்தவள். மஞ்சள் துணி கிடைக்கவில்லை என்று என் காதுபட ஒருவர் வருத்தப்பட்டால் சும்மா இருக்க முடியுமா? வெள்ளைத் துணி கொடுங்கள், மஞ்சளாக்கித் தருகிறேன் என்று வாயை விட்டேன். அம்மா கட்டிக்கொடுத்த மூன்று கிலோ மஞ்சள்தூள் வீட்டில் இருந்தது. ஹால் முழுக்கக் கை தட்டினார்கள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை எட்டுப் பெட்ஷீட்டைக் கிழித்து, மஞ்சளைக் கொதிக்கவைத்து, பாத்டப்பில் கொட்டி முக்கி எடுத்தேன். கொல்லைக் கம்பியில் காயப்போட்டபோது மாரியம்மன் பண்டிகை மாதிரி இருந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் கணவர், மஞ்சள் தொட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, கிளீனிங் பவுடரைத் தூவித் தேய்க்க ஆரம்பித்தார். அடுத்த நிமிஷம் உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏம்புள்ள, நான் இல்லாதப்ப ஊட்டுக்குள்ள யாருக்காச்சும் ஆப்பரேசன் பண்ணுனியா?”

தொட்டி முழுக்கச் சிவப்பு. விழுந்து விழுந்து சிரித்தேன். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? நினைவு தெரிந்த நாளிலிருந்து மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து ஆரத்தி கரைத்தவள். ஆனால் அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிப்பன்களோடு மெயின் ரோட்டுக்குப் போனேன். மரங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஊர்வலத்துக்காக அங்கிளும் மற்ற விவசாயிகளும் அன்று காலையில்தான் மரத்துக்கு இடுப்பளவு உயரம் வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். மாட்டுக்கொட்டகைக்கு அடிக்கிற அதே சுண்ணாம்பு. எங்கள் ஊரிலும் பொங்கலுக்கு இப்படித்தான் அடிப்போம் என்று அங்கிளிடம் பெருமையாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே, கையில் மஞ்சள் துணியோடு, அப்போதுதான் காய்ந்திருந்த அந்தச் சுண்ணாம்பின் மேலேயே இறுக்கி முடிச்சுப் போட்டேன். ஒரு மரமா, இரண்டு மரமா, நாற்பது. ஃபீட் ஸ்டோர், அதாவது மாட்டுத்தீவனக் கடை, அதன் முன்னால் இருந்த மரத்தில் ஆன்ட்டி தன் பையன் பெயர் எழுதிய அட்டையை மாட்டி, ரிப்பனை ஒரு தடவை நீவி விட்டார்.

அன்றிரவு மழை. அந்த ஊரில் பிப்ரவரியில் மழை என்பது விவசாயிகள் ஒருவருக்கொருவர் போன் பண்ணிச் சொல்லிக்கொள்கிற சமாச்சாரம்.

காலையில் ஆஸ்பத்திரி ரவுண்ட்ஸ் போன கணவர் பாதி வழியிலேயே காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் நின்றபடி, “ஏம்புள்ள, நீ கட்டுனது மஞ்சத் துணிதானே?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாத்டப் ஞாபகம் வந்தது. அப்புறம் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நேரில் பார்த்தபோது அதைவிட மோசம். இலையில்லாத நாற்பது மரம், வெள்ளை வெளேர் என்ற அடிமரம், அதில் ரத்தச் சிவப்பில் ஒரு கட்டு, கட்டிலிருந்து கீழே வரை சிவப்பாக ஒழுகிய கோடுகள். டாக்டர் பாஷையில் சொன்னால் ரத்தப்போக்கு நிற்காத நாற்பது பேஷன்ட் வரிசையாக நின்றார்கள். ஊரே தெருவில் இருந்தது. மழை பெய்த சந்தோஷத்தைக் காட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் விவசாயிகள் தொப்பியைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தார்கள். போர் பிடிக்காத எவனோ ராத்திரியில் பெயின்ட் ஊற்றிவிட்டான் என்று பேச்சு. ஷெரீஃப் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், பேசாமல் காரைத் திருப்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் என் இரண்டு கையும் முழங்கைவரை மஞ்சள். கையும் களவுமாகப் பிடிபட இனி பாக்கி எதுவும் இல்லை. காரிலிருந்து இறங்கி அந்த அதிகாரியிடம் போய், நான்தான் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

அப்போதுதான் ஆன்ட்டியைப் பார்த்தேன். பையன் பெயர் எழுதிய அட்டைக்கு முன்னால் நின்றிருந்தார். சிவப்பு ஒழுகி அந்தப் பெயரின் மேலேயே இறங்கியிருந்தது. என்னைத் திட்டவில்லை. சத்தமே இல்லாமல், இதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.  காரமும் ரசாயனமும் அந்த அம்மாவுக்கு என்ன ஆறுதல் தரும்?

காரில் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பித்தளைத் தட்டும் மஞ்சள் டப்பாவும் எடுத்துவந்தேன். ஃபீட் ஸ்டோர் வாசலில் மிச்சமிருந்த வாளியிலிருந்து ஒரு சிட்டிகை சுண்ணாம்பு எடுத்து, ஊர் பார்க்க மஞ்சள் தண்ணீரில் போட்டுக் கரைத்தேன். மஞ்சள் சிவந்ததும் கூட்டத்தில் ஒரு ‘ஓ’ எழுந்தது. எங்கள் வீட்டில் கல்யாணம் முடிந்து வருகிறவர்கள், பிள்ளை பெற்று வருகிறவர்கள், ஆபத்தைத் தாண்டி வருகிறவர்கள் யாராக இருந்தாலும் வாசலில் நிறுத்தி இதைச் சுற்றிக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவோம் என்றேன். திருஷ்டிக்கு இங்கிலீஷ் தெரியாமல் கண்ணை உருட்டிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற என் மகள் எம்பராசிங்காக இருக்கிறது என்று இங்கிலீஷில் முனகினாள்.

“அப்போ இது வீட்டுக்குத் திரும்பி வர்றவங்களுக்கு மட்டும்தானா?” என்று ஆன்ட்டி கேட்டார்.

வருகிறவர்களுக்கு மட்டும்தான் என்றேன்.

அவர் அங்கிள் பக்கம் திரும்பினார். “யாரும் அவுக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க.”

அவ்வளவுதான். பத்து மணிக்கு ஏழு டிராக்டரும் சிவப்புக் கட்டுப் போட்ட நாற்பது மரங்களுக்கு நடுவே போயின. முதல் டிராக்டரில் ஆன்ட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் உதறல். வந்து சேர்ந்த பிறகு எடுப்பதுதான் ஆரத்தி. வருவதற்கு முன்னாலேயே நாற்பது மரத்தில் எடுத்துவைத்திருக்கிறேன். அந்தப் பையன் வராமல் போனால் அந்தத் தாய் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? யாரைக் கேட்டு அப்படி ஒரு வாக்குக் கொடுத்தேன்? அன்று முதல் தினமும் விளக்கேற்றி, பண்ணாரி அம்மனிடம் அந்தப் பையனுக்காக வேண்டிக்கொண்டேன். அம்மனுக்குக் குழப்பம் வேண்டாம் என்று அவன் பெயர், ஊர், கவுன்ட்டி, ஜிப் கோடு எல்லாம் தெளிவாகச் சொன்னேன்.

போர் அந்த மாதக் கடைசியில் முடிந்தது. மார்ச்சில் ஒரு நாள் பதினோரு மணிக்கு ஆன்ட்டி தபால் பெட்டியிலிருந்து நேராக எங்கள் வீட்டைப் பார்த்து, வெறும் பருத்திக்காட்டுக்குள் புகுந்து ஓடி வந்தார். கையில் கடிதம். எழுத நேரமே கிடைக்கவில்லையாம் அவனுக்கு. ஆனால் சீட்டாட்டத்தில் ஜெயித்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான். இதற்காகவா நான் ஒரு மாதம் அம்மனைத் தொந்தரவு செய்தேன் என்று கோபம் வந்தது. ஆன்ட்டியோ சிரிப்பும் அழுகையுமாக அந்தச் சீட்டாட்டப் பக்கத்தையே மூன்று தடவை படித்துக் காட்டினார்.

மே மாதம், பருத்தி விதைக்கிற சமயம். போன் வந்தது. “ஆன்ட்டி பேசறேன். நாலு மணிக்கு வர்றான். உன் தட்டை எடுத்துக்கிட்டு வந்துடு.”

பையன் ஆறடிக்கும் மேலே. வண்டியிலிருந்து குதித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடி வந்தான். ஆன்ட்டி உள்ளங்கையைக் காட்டி, “அங்கேயே நில்லு” என்றார். கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டான். நான் தட்டோடு போனால் எனக்கு அவன் நெஞ்சுதான் எட்டியது. அங்கிள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார். அதன் மேல் ஏறி நின்று மூன்று சுற்றுச் சுற்றினேன். இதைக் குடிக்க வேண்டுமா என்று பையன் பயந்துபோய்க் கேட்டான். அங்கிள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, தண்ணீரைக் கொண்டுபோய் கேட் ஓரம் கொட்டினேன். அவர்கள் நாய் வந்து அதை மோந்து பார்த்துத் தும்மியது.

திரும்பிப் பார்க்கிறேன், ஆன்ட்டி இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறார். பையன் நாலடி தூரத்தில். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. என்னைப் பார்த்து “இப்போ?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

ஆரத்தி முடியும்வரை தொடக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. அப்படி ஒரு வழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது. எடுக்கும்போதே கட்டிப்பிடிப்போம், பேசுவோம், பாதியில் போன்கூட எடுப்போம். அந்தத் தாய் தானாகவே அப்படி நினைத்துக்கொண்டு, எட்டு மாதம் பார்க்காத பிள்ளையைத் தொடாமல் கையைக் கட்டி நின்றிருக்கிறார்.  தலையை ஆட்டினேன்.

இப்போது நாங்கள் நியூஜெர்சியில், பார்சிப்பனியில் இருக்கிறோம். அன்று எம்பராசிங் என்று முனகியவள் இப்போது ஹைஸ்கூலில்; பள்ளிக்கூட வாத்தியக் குழுவோடு ட்ரிப் போய்த் திரும்பினால் இன்றும் வாசலில் நிறுத்தி ஆரத்தி கரைக்கிறேன். அக்கம்பக்கத்தில் பார்க்கிறார்கள், சீக்கிரம் முடி என்று இங்கிலீஷில் கத்துகிறாள். கத்தட்டும். தட்டில் இருப்பதைக் கொட்டி முடிக்கும்வரை நான் அவளைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் இல்லாத அந்த வழக்கம் ஆன்ட்டியிடமிருந்து எனக்கு வந்தது.