எடை குறையாத கார்

கார் வீல் வாங்க வருபவர்கள் அதன் அழகைப் பார்ப்பார்கள். அதைச் சுழற்ற வேண்டிய எஞ்சினைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று நல்லது சொல்லிப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். ஹைதராபாத் போவன்பள்ளியில் என் கடைக்கு வந்த செல்வினைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பதினெட்டு அங்குலம்

செல்வினுக்கு இன்சூரன்ஸில் வேலை. வேகத்துக்குப் பேர்போன சின்னக் கார் ஒன்று வைத்திருந்தார். அதன் பதினாறு அங்குல வீல்களைக் கழற்றிவிட்டுப் பதினெட்டு போடச் சொன்னார். கனம் கூடும், கிளம்பும்போது கார் திணறும், வளைவில் சொன்ன பேச்சு கேட்காது, பள்ளத்தில் இறங்கினால் உங்கள் முதுகுக்குத் தெரியும் என்றேன். பொறுமையாகத் தலையாட்டினார்.

“சரி சார், கறுப்புல இருக்கா?”

உரசல்

ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். பின்சீட்டில் ஆள் ஏறினால் டயர் மட்கார்டில் உரசுகிறதாம். வீல் வெளியே துருத்திக்கொண்டு நின்றால்தான் கெத்து என்று அவரே கேட்டு வாங்கிய அமைப்பு அது. வாராவாரம் பின்சீட்டில் ஏறும் மாமியாரைச் சர்ச்சுக்கு எப்படிக் கூட்டிப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அத்தை ஆட்டோவுல பின்னாடியே வர்றாங்க சார். அங்கருந்து பார்த்தா வீல் சூப்பரா இருக்காம்.”

ஜெனிஃபரின் நிபந்தனை

தாய்க்கு ஆட்டோ என்பதை மகள் ஜெனிஃபர், அதாவது செல்வினின் மனைவி, ஏற்கவில்லை. அவருடைய தம்பி ராபினிடமும் அதே கார். வீலில் கை வைக்காதவர். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கோன்களை நட்டு, கார்களை வளைத்து ஓட்டும் போட்டி. ராபினிடம் தோற்றால் செல்வின் காரை விற்றுவிட்டு ஏழு சீட் வண்டி வாங்க வேண்டும்.

செல்வின் முகம் வாடிப்போனது. பழைய பதினாறு அங்குல அளவிலேயே, மட்கார்டுக்குள் அடங்கும் லேசான வீல்களை எடுத்துக் கொடுத்தேன். காய்கறி மார்க்கெட்டில் வெங்காயம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்த பிறகே நம்பினார். உடன் வந்த ஜெனிஃபர் மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கி நின்றார்.

“நல்ல வீலா போடுங்க அண்ணா. ரொம்ப நல்லதா நக்கோ, வேணாம்.”

போட்டி

என் வீல் ஆயிற்றே என்று நானும் போனேன். ராபின் ஒரு கோனையும் தொடாமல் ஓட்டி முடித்தார். செல்வினின் கார் கிளம்பும்போதே முனகியது. முதல் வளைவில் பின்பக்கம் அமுங்கி, ஆடி, வரிசையாகக் கோன்களைச் சாய்த்தது. குற்றம் என் வீலிலா என்று எனக்கு வியர்த்துவிட்டது. ஓடிப்போய் டிக்கியைத் திறந்தேன். பின்சீட்டை மடக்கி, பெட்ஷீட் போர்த்தி, அந்தக் கறுப்பு வீல்கள் நான்கும் டயரோடு படுத்திருந்தன.

லேசான வீல் ஹைதராபாத் பள்ளத்தில் உடைந்தால் மாற்றுவதற்காம். அதற்கு ஒன்று போதாதா என்றேன்.

“ஒண்ண மட்டும் மாத்தினா மீதி மூணோட மேட்ச் ஆகாதே சார்.”

ஏழு சீட்

கார் போய்விட்டது. அடுத்த முறை செல்வின் ஏழு சீட் வண்டியில் வந்தார். நடுசீட்டில், உரசலே இல்லாமல், மாமியார். சமாதானம் ஆகிவிட்டது போல என்று வாழ்த்தப் போனேன். கண்ணாடியை இறக்கியது மாமியார்தான்.

“அந்தக் கறுப்பு வீல் இதுக்குப் பொருந்துமா தம்பி? ஆட்டோவுலருந்து பார்த்ததுலேர்ந்து மனசுலயே நிக்குது.”

ஒரு காரில் எவ்வளவு எடையைக் குறைத்துக் கொடுத்தாலும், குடும்பத்தில் யாராவது ஒருவர் அதைத் திரும்ப ஏற்றிவிடுகிறார்.